நாள் முழுக்கக் கச்சேரி வைத்த சனிக்கிழமை

எனக்குக் கர்நாடக சங்கீதம் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. என் காதில் ஏறுவதெல்லாம் சினிமாப் பாட்டுதான். அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரைக்கும், கஞ்சி காய்ச்சும்போதும் துணி அலசும்போதும் சண்டை போடும்போதும் விடாமல் கச்சேரி கேட்டேன். தப்பிக்க வழி இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ரேடியோவை அணைக்க வேண்டியதுதானே? அணைத்தால் அப்பா கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் ஒரு சட்டையை மடித்து வைத்துவிடலாம். அவ்வளவு கஷ்டம் என்பதால் பெரும்பாலும் பேசவே மாட்டார். இடது கையில் அந்த எவர்சில்வர் கரண்டி, அதுதான் அவர் வாய். ரேடியோ நின்றால் டங், டங், டங். போட்டால்தான் நிறுத்துவார். ஸ்டேஷனை மாற்றலாம் என்றால், கோப்பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலை. அந்தப் பழைய ரேடியோவுக்கு அந்த ஒரே ஒரு தமிழ் ஸ்டேஷன்தான் ஒழுங்காக எடுக்கும். முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கரகரவென்று இரைச்சல்தான், அதனால் நானே அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

தினமும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு அலறும். அப்பாவுக்குக் காதும் மந்தம். தாமானில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலப் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள், சத்தத்துக்குப் பழகியவர்கள். யாரும் குறை சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏதோ விசேஷ நாளாம். இன்று முழுவதும் செவ்வியல் இசை என்று அறிவிப்பாளர் அம்மா தேன் தடவிய குரலில் சொன்னார். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. அன்றைக்கு எது போட்டாலும் கேட்கும் சந்தோஷத்தில் இருந்தேன். ஏனென்றால் அன்றைக்குத்தான் என் தம்பி கிள்ளானிலிருந்து வந்து அப்பாவை அழைத்துப் போவதாக இருந்தது. மூன்று மாதம். மூன்றே மூன்று மாதம் அவன் வீட்டில் இருப்பார். திங்கட்கிழமை நான் ஈப்போவில் ஒரு ஹோட்டல் லாண்ட்ரியில் வேலைக்குச் சேர வேண்டும்.

அப்பா விழுவதற்கு முன் இருபது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான். கல்யாணம் காட்சி ஒன்றும் அமையவில்லை. அதனால் அப்பா விழுந்ததும் யார் வேலையை விடுவது என்று யாரும் யாரையும் கேட்கவே இல்லை. நான் விட்டேன். இரண்டு வருடமாக நான் பார்த்த உலகம் கிளினிக், சந்தை, பக்கத்து மளிகைக் கடை. அந்த லாண்ட்ரி மேற்பார்வையாளர் அம்மா எனக்காக ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப் போட்டிருந்தார். மூன்றாம் முறை கேட்க எனக்கு வாய் இல்லை. அவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். போனில் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

ஆகவே அன்று விடியற்காலையிலேயே எழுந்து வேலையில் இறங்கிவிட்டேன். சக்கர நாற்காலி வாசல்வரை வர வேண்டுமே என்று ஹாலில் இருந்த சோபாவை ஒற்றை ஆளாக இழுத்து வெளியே போர்ட்டிக்கோவில் போட்டேன். அப்பாவின் மெத்தை இரவில் நனைந்திருந்தது. அதைக் கழுவி வேலியில் சாய்த்தேன். கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தேன். முன் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டேன். உள்ளே நாதஸ்வரம் முடிந்து வீணை தொடங்கியிருந்தது.

ஒன்பது மணிக்குத் தம்பியிடமிருந்து வாட்ஸப்.

"அக்கா, இன்னைக்கு முடியாது போலருக்கு. சின்னவளுக்கு டியூஷன், காரும் சர்வீஸ் போடணும். அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன். கோவிச்சுக்காத லா."

கூடவே கைகூப்பும் படம் ஒன்று. சர்வீஸ்! அந்தக் கார் என்ன நாளைக்குச் செத்தா போய்விடும்? திருப்பி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் என் கை எதை எழுதும் என்று எனக்கே தெரியாது. போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, சோபாவைத் திருப்பி உள்ளே இழுக்கக்கூடத் தெம்பில்லாமல், அப்பாவைக் குளிப்பாட்டக் கொண்டு போனேன்.

அப்பாவைக் குளிப்பாட்டுவது என்றால் சாதாரண வேலை இல்லை, ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்பக்கக் குளியலறை, குழாய்ச் சத்தம், கதவு சாத்தியிருக்கும். அங்கேயும் வீணை துரத்திக்கொண்டு வந்தது. வாசித்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். மேலே போவதுபோல் போகும், அப்புறம் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். சமையலறை, கட்டில், குளியலறை, மறுபடி சமையலறை என்று என் பிழைப்பும் அதுதானே என்று நினைத்தேன். நடுவில் அந்த அறிவிப்பாளர் அம்மா, "அடுத்து விரிவான ஒரு ராக ஆலாபனை" என்றார். "விரிவெல்லாம் வேணாம்மா, சட்டுனு முடிங்க" என்று நான் சத்தமாகவே சொன்னேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வரவில்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்.

அவரை ஸ்டூலில் உட்கார்த்தித் துண்டைப் போர்த்திவிட்டு, மாற்றுச் சட்டை எடுக்க ஹாலுக்கு வந்தேன். வந்து பார்த்தால் ஹாலில் ஆள்.

எதிர் வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கிலோ சீனி, காப்பித் தூள் பொட்டலம். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். கேட்டருகே கோயில் கமிட்டி அண்ணன் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்: "கெமா ஒண்ணு, நாற்காலி நாப்பது. ஆமாலா, இப்பவே வேணும்." கெமா என்றால் எங்கள் பக்கம் வாசலில் போடும் கூடாரம். கல்யாணத்துக்கும் போடுவார்கள், சாவுக்கும் போடுவார்கள்.

எதிர் வீட்டு அக்கா என்னைக் கண்டதும் சீனியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். "அண்ணே நம்மள விட்டுட்டுப் போயிட்டாரா பிள்ள! ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்லா! தனியாவே எல்லாம் பண்ணிக்கிட்டு இருக்கியே!"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் சினிமாப் பாட்டு நிற்கும். பெரிய தலைவர்கள் யாராவது போய்விட்டால் அந்தக் காலத்து ரேடியோவிலும் சினிமாப் பாட்டு நின்று நாள் முழுக்க வீணையும் வயலினும்தான் கேட்கும். தாமானில் இப்போது எல்லோரும் போனில் பாட்டுக் கேட்கிறவர்கள். ரேடியோவில் அன்று என்ன விசேஷம் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்நேரமும் குத்துப்பாட்டு அலறும் வீட்டில் காலையிலிருந்து வீணை. சோபா வெளியே. மெத்தை வேலியில். கட்டில் வெறுமையாக. கதவு இரண்டும் திறந்து கிடக்கிறது, கூப்பிட்டால் ஆள் இல்லை. வேறென்ன நினைப்பார்கள்?

"இல்லக்கா, அப்பா குளிச்சுக்கிட்டு இருக்காரு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தம்பி வராததற்கு அழுதேன், லாண்ட்ரிக்கு அழுதேன். அதைவிட மோசமானது ஒன்றும் இருக்கிறது. அப்பா போய்விட்டார் என்று அவர்கள் நம்பி நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. அது தெரிந்ததும் இன்னும் கூடுதலாக அழுதேன். நான் அழுததும் மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முனைக் கடை பாய் ஒரு பெரிய ஃபிளாஸ்க் தேநீரோடு வந்து, "தங்கச்சி, இன்னைக்கு உங்க வீட்ல அடுப்பு பத்த வைக்க வேணாம், மதியச் சாப்பாடு நம்ம கடையிலேர்ந்து வந்துரும்" என்று கண் கலங்கினார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து, குளியலறைக் குழாயின் மேல், டங், டங், டங்.

கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. பாய் ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சட்டை!" என்று அப்பா கத்தினார். இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த பத்து நிமிடம் நடந்ததை எழுதி மாளாது. எதிர் வீட்டு அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெறும் கட்டில் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். கமிட்டி அண்ணன், "கெமாவ கேன்சல் பண்ணு லா! ஆளு இருக்காரு! உயிரோடதான் இருக்காரு!" என்று போனில் கத்தினார். பிறகு சிரிப்பு. பிறகு எனக்குத் திட்டு. "நீ ஏண்டி அழுத? நீ அழுதியே, அதான் நாங்க நம்பிட்டோம்!" அப்பாவுக்குச் சட்டை போட்டு, பவுடர் அடித்து, நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒவ்வொருவராக வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். பாய் தேநீரைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. எல்லோரும் குடித்தோம்.

அப்போதுதான் எதிர் வீட்டு அக்கா மெல்ல இழுத்தார். "பிள்ள, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். தாமான் வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேன். உன் தம்பியும் அதுல இருக்கான்ல?"

சமையலறைக்குப் போய் போனை எடுத்தேன். தம்பியிடமிருந்து பதினோரு அழைப்பு. ஒரு செய்தி: "கெளம்பிட்டேன் அக்கா. அப்பாவ எடுத்துறாதீங்க. நான் வந்துர்றேன்." அனுப்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

டியூஷன் எங்கே போயிற்று? சர்வீஸ் எங்கே போயிற்று? உயிரோடு இருக்கிற மனிதரை வந்து அழைத்துப்போக முடியாத கார், பொணத்தைப் பார்க்க மட்டும் அரை மணியில் ஹைவே ஏறிவிட்டது. என் கையிலேயே போன் மறுபடி அடித்தது. அவன்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எடுத்துச் சொல்லிடு" என்றார் அக்கா. "பாவம், அழுதுக்கிட்டே ஓட்டுவான்."

"ஓட்டட்டும்" என்றேன். "நீங்களும் குரூப்ல எதுவும் போடாதீங்க. யாரும் போடாதீங்க. அவன் வரட்டும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டி அண்ணன் மட்டும் போகும்போது, "பெரிய பாவம் தங்கச்சி" என்றார். தெரியும் அண்ணே என்றேன்.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. மெத்தையை உருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டேன், அப்பாவைப் படுக்க வைத்தேன். ரேடியோவில் ஒருவர் பாடத் தொடங்கி ஒரே வரியைப் பதினைந்து விதமாகப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இதோ முடிந்தது என்று நினைப்பேன், முடியாது. இது முகாரி ராகம் என்று அந்த அம்மா சொன்னார். யாராவது மூக்கைச் சிந்தினால் முகாரி பாடாதே என்று திட்டுவோமே, அது நிஜமாகவே ஒரு ராகம் என்று அன்றுதான் தெரிந்தது. போன் நடுநடுவே அடித்தது. தாப்பா ஊருக்கு அப்புறம் மலைப்பக்கம் லாரிகள் பாய்ந்து வருமே, கண் மறைத்து எங்காவது மோதிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் போனைக் கையில் எடுத்தேன். பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை. அமுக்கினால் அடுத்த எக்ஸிட்டிலேயே அவன் வண்டியைத் திருப்பிவிடுவான். எனக்கு அவனைத் தெரியும்.

ஒரு மணிக்குமேல் கேட்டில் வண்டி நின்றது. தம்பி, தம்பி மனைவி. வெள்ளை வேட்டி. அவன் கையில் ஆளுயர மாலை. செருப்பை எங்கேயோ உதறிவிட்டு, "அப்பா! அப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். அப்பா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தாடையில் ஒரு துளி வழிந்துகொண்டிருந்தது.

அவன் அலறிய அலறலைத் தாமானே கேட்டிருக்கும். மாலையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்து அப்பாவின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பொய் அழுகை இல்லை அது. அப்பாவின் முகத்தில் அசைகிற ஒரே ஒரு பக்கம் சிரித்தது. கரண்டியைக் கீழே விட்டுவிட்டு அந்த இடது கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்ததும் தம்பி என்னிடம் திரும்பினான்.

"ஏன் போன எடுக்கல?"

"எடுத்திருந்தா வந்திருப்பியா?"

"நான் செத்திருப்பேன் அக்கா, ஹைவேல! ரெண்டு தடவ லாரி பக்கத்துல போயிட்டேன்!"

"காலையில எனக்கு முடியாதுன்னு போட்டல்ல. இப்ப எப்புடி முடிஞ்சுச்சு?"

தம்பி மனைவி மாலையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் நேராகக் கேட்டேன். வந்தது வந்துவிட்டாய், வண்டியும் இருக்கிறது, அப்பாவின் துணியெல்லாம் நேற்றே மடித்துப் பையில் வைத்திருக்கிறேன், அழைத்துக்கொண்டு போ.

"இப்ப எப்புடி அக்கா? ரூம் ரெடி பண்ணல. திங்கள்லேர்ந்து மூணு நாள் லீவு சொல்லிட்டு வந்தேன், அது சாவுக்குக் கொடுத்த லீவு. இப்ப முதலாளிகிட்ட அப்பா எந்திரிச்சுட்டாருன்னா சொல்றது? திங்கக்கிழம வேலைக்குப் போய்த்தான் ஆகணும். அடுத்த வாரம். சத்தியமா அடுத்த வாரம்."

நான் கத்தினேன். அவனும் கத்தினான். பின்னால் யாரோ மிருதங்கத்தைத் தனியாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதற்கும் மேலே நாங்கள் இருவரும் கத்தினோம். அப்பா நடுவில் படுத்துக்கொண்டு, யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தார். தம்பியின் மணிக்கட்டை விடவே இல்லை.

ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறேன் என்று எழுந்தான். அப்பா பிடித்த கையை விடவில்லை. "அப்பா, விடுங்கப்பா, அடுத்த வாரம் வாரேன்ல" என்று இழுத்துப் பார்த்தான். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. கடைசியில் தம்பி என்னைப் பார்த்தான். நான்தான் குனிந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

அவன் போன பிறகு நான் அப்பாவோடு பேசவில்லை. அவர்மேல் கோபம் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கு அறிவிப்பாளர் அம்மா நேயர்களுக்கு நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடித்தார். அப்புறம் செய்தி வாசித்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. லாண்ட்ரி அம்மாவுக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்ல வேண்டும். பத்து மணிக்குப் பேசலாம், ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அவர் கோயிலுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, ஈரத் துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தள்ளினார்.

"நாளைக்கி..." என்றார்.

நான் காத்திருந்தேன்.

"வேல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த லாண்ட்ரி விஷயத்தை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சமையலறையில் நின்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுவேன். காது மந்தம், அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஹாலில் நின்று நான் அழுதது, அந்தப் பெண்கள் ஏன் அழுதார்கள் என்பது, அதுவும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஒண்ணுமில்லப்பா. அந்த வேல இல்லேன்னா இன்னொண்ணு."

அவர் தலையை ஆட்டினார். வாய் கோணியது. நெற்றியில் வியர்த்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வந்தார்.

"தம்பிக்கி... சொல்லு. நான்... செத்துட்டேன்."

"வாயக் கழுவுங்கப்பா!" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒழுங்காக யோசித்து, நேற்று எது வேலை செய்தது என்று பார்த்து, எனக்காகச் சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் முழங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், அழுது முடி, வேலை இருக்கிறது என்பது போல.

முடித்துவிட்டுப் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "அக்கா? அப்பாவுக்கு என்ன?" என்றான்.

"இரு. அப்பா பேசணுங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனை அவர் வாயருகே பிடித்தேன்.

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் தம்பி, "அப்பா? அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"செத்துட்டேன்டா" என்றார் அப்பா. "வா."